நம்மவர்களுக்குப் பரம்பரை நரம்பு நோய் அதிகமா? செந்தூல் தம்பி ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம் இது. அப்பாவுக்குக் கெண்டைக்கால் சதை வற்றிக்கொண்டே வருகிறது, நடக்கும்போது முன்பாதத்தைத் தூக்க முடியவில்லை. அத்தைக்கும் அதே தொல்லை. இறந்துபோன தாத்தாவும் (அப்பாவின் அப்பா) அப்படித்தான் நடந்தாராம். அப்பாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதால் அதன் விளைவு என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அத்தைக்கு இனிப்பு நீர் கிடையாது. தேடிப் பார்த்ததில் 2,500 பேரில் ஒருவருக்குப் பரம்பரை நரம்பு நோய் வரும் என்று இருக்கிறது. மலேசியாவிலும் அப்படியா? இந்தியர்களுக்கு இன்னும் அதிகமா? சொந்தத்தில் கட்டிக்கொள்வதுதான் காரணமா? தங்கைக்குத் தாய்மாமன் மகனைப் பேசி வைத்திருக்கிறார்கள், நிறுத்திவிட வேண்டுமா?

தம்பி, கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: நீங்கள் சொன்ன விவரப்படி, இந்த நோயை நினைத்து அந்தச் சம்பந்தத்தை நிறுத்த வேண்டியதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. கோலாலம்பூரில் நரம்பு மின்கடத்தல் சோதனை எடுப்பது என் வேலை. நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பதே அந்தச் சோதனை. எங்கள் சோதனைக் கட்டிலுக்கு வந்துபோகும் குடும்பங்களையும், இந்தத் துறையில் நான் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 2,500. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சார்கோ-மரி-டூத் நோயைப் பற்றியதாக இருக்கும், சுருக்கமாக சி.எம்.டி. 1886-இல் பாரிஸில் சார்கோவும் மரியும், இங்கிலாந்தில் டூத்தும் தனித்தனியே விவரித்ததால் இந்தப் பெயர். கை கால்களுக்குப் போகும் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும். நீளமான நரம்பு முதலில் பாதிக்கப்படுவதால் கோளாறு பாதத்தில்தான் ஆரம்பிக்கும்.

2,500-இல் ஒருவர் என்ற கணக்கு மேற்கு நார்வேயில் ஸ்க்ரே என்ற மருத்துவர் எடுத்து 1974-இல் வெளியிட்டது, லட்சத்துக்கு 41 பேர். அதற்குப் பிறகு எல்லாரும் அதையே எடுத்தெழுதி, உலகக் கணக்கு போல ஆகிவிட்டது. மற்ற இடங்களில் எண்ணியவர்களுக்கு வேறு எண்கள் கிடைத்தன. வட இங்கிலாந்தில் லட்சத்துக்கு 11.8, ஐஸ்லாந்தில் 12, ஜப்பானில் யொனாகோ வட்டாரத்தில் 10.8, வட ஸ்வீடனில் 20.1, செர்பியாவில் 9.7. நார்வேயிலேயே ஆஸ்லோவை அடுத்த மாவட்டத்தில் 2011-இல் வெளியான ஆய்வில் 82.3. அதாவது 1,214 பேரில் ஒருவர்.

செர்பியாவுக்கும் நார்வேக்கும் எட்டு மடங்கு வித்தியாசம். இரத்தத்தில் இருக்கும் வித்தியாசம் இதில் ஒரு பகுதிதான். மற்றது தேடிய விதத்தில் இருக்கிறது. ஒரு நோயாளி கிடைத்ததும் அவருடைய அண்ணன் தம்பி, சித்தப்பா, பேரப்பிள்ளை என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காலைப் பார்த்து நரம்பைச் சோதித்தால் எண் ஏறும். மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் புரட்டினால் எண் இறங்கும். இந்த நோய் உள்ளவர்களில் பலர் தமக்கு நோய் இருப்பதாகவே நினைப்பதில்லை, “எங்கள் குடும்பத்துக் கால் இப்படித்தான்” என்பார்கள். எண்ணப் போகிறவர்தான் அவர்களிடம் போக வேண்டும்.

மலேசியாவில் வெளிவந்திருப்பவை மருத்துவமனைக்கு வந்த குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சி.எம்.டி குடும்பங்களின் மரபணுவைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரிடமும் இந்த நோய் இருக்கிறது. வீடு வீடாகப் போய் எடுத்த நாடளாவிய எண்ணிக்கை அல்ல அது. மனக்கணக்காக மட்டும் போட்டுப் பார்க்கலாம்: நம் நாட்டு இந்தியர்கள் சுமார் 20 லட்சம். ஜப்பான் விகிதத்தில் 200 பேருக்குச் சற்று மேல், ஸ்க்ரே விகிதத்தில் 800 பேர். எந்தக் கணக்கை எடுத்தாலும் நீங்கள் தனியாள் இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. “பரம்பரை நரம்பு நோய்” என்பது ஒரே நோய் அல்ல. சி.எம்.டியிலேயே நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. சில வகை உலகமெங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி பரவியிருக்கும். மிகப் பொதுவான 1ஏ வகை அப்படிப்பட்டது. 17-ஆம் குரோமோசோமில் பி.எம்.பி.22 என்ற மரபணு இருக்கும் பகுதி இரட்டிப்பாகிவிடுவதால் வருவது அது, 1991-இல் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தின் அமைப்பே பிரதி எடுக்கும்போது வழுக்குவதற்கு ஏதுவானது. அதனால் எந்த இனத்திலும், பெற்றோருக்கு இல்லாமலே கூட, புதிதாக முளைக்கும்.

வேறு சில வகைகள் ஓர் ஊரோடு, ஒரு சாதியோடு, ஒரு தீவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எப்போதோ ஒரு முன்னோரிடம் வந்த பிழை, அவருடைய சந்ததி அங்கேயே பெருகியதால் நிலைத்துவிட்டது. அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் புளோரஸ் என்ற சிறு தீவில் மச்சாடோ-ஜோசப் என்ற பரம்பரைத் தள்ளாட்ட நோய் 239 பேரில் ஒருவருக்கு. போர்ச்சுகலின் போவோவா டி வர்சிம் என்ற மீனவர் ஊரில் அமிலாய்டு நரம்பு நோயை (பழுதான புரதம் நரம்பில் படிவதால் வருவது) 1952-இல் அந்திராடே என்ற மருத்துவர் விவரித்தார், அதே மரபணுப் பிழை வட ஸ்வீடனிலும் ஜப்பானின் சில ஊர்களிலும் குவிந்திருக்கிறது. பல்கேரியாவில் லோம் என்ற ஊர்ப் பெயராலேயே அழைக்கப்படும் சி.எம்.டி வகை ஒன்று ரோமா மக்களிடம் இருக்கிறது. அவர்களுடைய முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்களிடம் காணப்படும் பிறவித் தசைச்சோர்வு நோயின் மரபணுப் பிழை ஒன்று இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களிலும் அப்படியே இருக்கிறது. ஆயிரம் ஆண்டு நடந்து போனவர்களோடு அந்த ஓர் எழுத்துப் பிழையும் கூடவே போயிருக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்குத் தெளிவான உதாரணம் சீனர்களிடம் கிடைத்தது. தைவானில் அமிலாய்டு நரம்பு நோய் உள்ளவர்களிடம் ஏ97எஸ் என்ற ஒரே பிழைதான் மிகுதி. மலாயாப் பல்கலைக்கழகக் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில் மலேசியச் சீன நோயாளிகளிடமும் அதே பிழைதான் மிகுதியாக இருந்தது. தைவானியர் பலருடைய பூர்வீகமும், பினாங்கு ஹொக்கியன் குடும்பங்களின் பூர்வீகமும் ஒரே ஃபுஜியான் கரை. இந்த விவரத்தால் நேரடிப் பயனும் உண்டு: ஐம்பதைத் தாண்டிய சீனர் ஒருவர் கை மரத்துப்போவது, கால் மரத்துப்போவது, எழுந்தால் தலைசுற்றல் என்று வந்தால் இன்று டாக்டருக்கு எந்த மரபணுவை முதலில் கேட்க வேண்டும் என்று தெரியும். இந்த நோயை அடக்கி வைக்க மருந்தும் வந்துவிட்டது, சீக்கிரம் பிடித்தால்தான் பலன்.

இனி நம்மைப் பற்றி. மலாயாவுக்கு வந்த தமிழர்களில் பெரும்பகுதியினர் கங்காணி முறையில் வந்தவர்கள். கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், தன் சொந்தபந்தத்திலும் சாதியிலும் ஆள் திரட்டி, ஒரே தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கினார். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தும் வரை இது நடந்தது. ஆக ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள் பல வேளைகளில் ஒரே வட்டாரத்து, ஒன்றுக்குள் ஒன்றான குடும்பங்கள். அவர்களில் ஒருவரிடம் ஒரு மரபணுப் பிழை இருந்திருந்தால், அது அந்தத் தோட்டத்தில் பல வீடுகளில் தெரிந்திருக்கும், பக்கத்துத் தோட்டத்தில் இருந்திருக்காது. அதனால்தான் “இந்தியர்களுக்கு அதிகமா?” என்ற கேள்வியே எனக்குச் சரியான அளவில் படவில்லை. இந்தியர் என்பது மிகப் பெரிய வட்டம். எந்த ஊர், எந்தக் குடும்பம், யாரோடு யார் என்பதுதான் இந்த நோய்களுக்குப் புரியும் அளவு.

இந்தியாவிலிருந்து வந்த கணக்குகளும் இதையே காட்டுகின்றன. 2017-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள் மிகச் சிறிய முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியவை. அந்தச் சுருக்கம் யூதர்களின் அஷ்கனாசிப் பிரிவையும் ஃபின்லாந்துக்காரர்களையும் விடக் கடுமையானது. அந்த 81-இல் 14 குழுக்களின் மக்கள்தொகை தலா பத்து லட்சத்துக்கும் மேல்! எண்ணிக்கையில் பெரிய சாதி என்பதால் இரத்தம் கலந்திருக்கிறது என்று பொருள் இல்லை. தமிழ்நாட்டிலேயே ஒரு குறிப்பிட்ட சமூகத்தில் எஸ்.சி.ஏ.1 என்ற தள்ளாட்ட நோய் மிகுதியாக இருப்பதை 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. வட இந்தியாவின் அகர்வால் சமூகத்தில் எஸ்.சி.ஏ.12 அப்படித்தான்.

“நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லை, அசலில்தான் கட்டினோம்” என்று பலர் நிம்மதியாகச் சொல்வார்கள். அதே சாதிக்குள், அதே மாவட்டத்துக்குள் கட்டியிருந்தால் அந்த அசலும் தூரத்துச் சொந்தம்தான்.

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றி நேராகப் பேசுவோம். நம் சமூகத்தில் இதைப் பேசினால் ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம் அலட்சியம். இரண்டுமே உதவாது. 1976-ஆம் ஆண்டு மலேசியத் திருமண மணவிலக்குச் சட்டம் ஒருவர் தன் உடன்பிறந்தவரின் பிள்ளையைக் கட்டிக்கொள்வதைத் தடை செய்துவிட்டு, இந்துக்கள் தம் வழக்கப்படி அக்காள் தங்கை மகளைக் கட்டிக்கொள்ள மட்டும் விலக்குத் தந்திருக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது என்பதால் மருத்துவரீதியாக ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. தாய்மாமனுக்கும் அவர் அக்காள் மகளுக்கும் சராசரியாக நாலில் ஒரு பங்கு மரபணு பொது. மாமன் மகன், அத்தை மகள் உறவில் எட்டில் ஒரு பங்கு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்களுக்கு, அதாவது ஒடுங்கு வகை நோய்களுக்கு, இந்தப் பொதுப் பங்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. அம்மாவும் அப்பாவும் நன்றாக இருப்பார்கள், பிள்ளைகளில் இரண்டு பேருக்கு மட்டும் கால் இழுக்கும். சி.எம்.டியிலும் அப்படிப்பட்ட வகைகள் உண்டு, சிறு வயதிலேயே கடுமையாக வருபவை பல அதில் சேரும்.

ஓங்கு வகை வேறு. ஒரு பிரதி பழுதானாலே போதும், நோய் வரும். நோயுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. யாரைக் கட்டிக்கொண்டார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் இருந்தாலும் அதே பாதிதான்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். நம்மவர்களிடம் பரம்பரை நரம்பு நோய் கூடவா குறைவா என்பதை விட, நம்மிடம் அது ஒளிந்துகொள்வது மிகச் சுலபம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடம் மட்டும் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்னும்போது, கால் மரத்தது என்று வரும் தமிழருக்கு அதுவே காரணம் என்று எழுதுவது டாக்டருக்கு இயல்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். மீதியில்தான் உங்கள் அப்பா போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

சோதனைக் கட்டிலில் வித்தியாசம் தெரியும். இனிப்பு நீரால் நரம்பு கெட்டவர் படுக்கும்போதே எரிச்சல், ஊசி குத்தல், இரவில் போர்வை பட்டால் தாங்கவில்லை என்று சொல்வார். காலின் வடிவம் பெரும்பாலும் மாறியிருக்காது. சி.எம்.டிக்காரர் வலி என்று அவ்வளவாகச் சொல்லமாட்டார். சாக்ஸைக் கழற்றினால் உள்ளங்கால் வளைவு உயர்ந்து நிற்கும், விரல்கள் மடங்கியிருக்கும், ஓரத்தில் காய்ப்பு. சிலிப்பர் காலில் நிற்காது என்பதால் பின்வார் வைத்த செருப்பாகப் பார்த்து வாங்கியிருப்பார். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் கடைசி என்பார். பத்துமலையின் 272 படி ஏறுவது பரவாயில்லை, இறங்கும்போதுதான் கைப்பிடி இல்லாமல் முடியாது என்று ஓர் அம்மா சொன்னார். கணுக்காலைப் பக்கவாட்டில் நிலைநிறுத்தும் தசை போய்விட்டால் அப்படித்தான் ஆகும்.

அடுத்தது வேகம். முன்கையில் நரம்பின் வேகம் நொடிக்கு 50 மீட்டரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். முதலில் கையைத் தொட்டுப் பார்ப்போம், ஏர்கோன் குளிரில் ஒரு பாகை குறைந்தாலே ஏறக்குறைய 2 மீட்டர் குறைத்துக் காட்டும். அதனால் தோலின் வெப்பம் 32 பாகைக்குக் கீழே இருந்தால் வெந்நீரில் கையை வைக்கச் சொல்வோம். சூடேற்றிய பிறகும் ஒவ்வொரு நரம்பிலும் 20, 22, 21 என்று ஒரே சீராக வந்தால் அது இனிப்பு நீரின் வேலை அல்ல. இனிப்பு நீர் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், அதுவும் இடத்துக்கு இடம் கூடக்குறைய. முன்கை நரம்பில் 38-க்குக் கீழே என்றால் நரம்பின் மேலுறை கெட்ட 1-ஆம் வகை, அதற்கு மேலே என்றால் நரம்பிழையே கெட்ட 2-ஆம் வகை என்று பிரிப்பது பழைய வழக்கம், இன்றும் பயன்படுகிறது. 1ஏ வகையில் இந்த மெதுவேகம் சிறு வயதிலேயே வந்துவிடும், அறுபது வயதிலும் ஏறக்குறைய அதே எண்தான். நோய் கூடக்கூட மாறுவது தசையின் பலம்.

உங்கள் குடும்பத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்திருக்கிறது. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனதால் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகை இல்லை. சி.எம்.டியில் அப்படியும் ஒரு வகை பரவலாக உண்டு, அதில் தகப்பன் மகள்களுக்கு மட்டுமே கொடுக்க முடியும். மகனும் மகளும் இருவருமே பாதிக்கப்பட்டு, தலைமுறை தாண்டாமல் வந்திருப்பதால் ஓங்கு வகை என்பதே முதல் சந்தேகம். எனவே உங்கள் குடும்பத்தில் சொந்தத்தில் கட்டியது இந்த நோய்க்குக் காரணம் இல்லை. பாட்டியையோ தாத்தாவையோ யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அப்பாவை விட முதலில் சோதிக்க வேண்டியவர் அத்தை. அவருக்கு இனிப்பு நீர் இல்லை. அவருடைய நரம்பு எப்படி இருக்கிறதோ அது கலப்படம் இல்லாத விடை. அவரிடம் மெதுவேகம் தெரிந்தால் அப்பாவின் அட்டையில் எழுதியிருப்பதை மறுபடி பார்க்கச் சொல்லித் தைரியமாகக் கேட்கலாம். அரசாங்க கிளினிக்கில் ரெஃபரல் லெட்டர் வாங்கும்போது “அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரி, தகப்பனுக்கும் இருந்தது” என்ற வரியைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கடிதம் வெறும் கால் மரப்பு என்றுதான் போய்ச் சேரும். கூடவே வம்ச வரைபடம் ஒன்றைக் காகிதத்தில் எழுதி எடுத்துப்போங்கள்: யார், யாருக்குப் பிள்ளை, எந்த வயதில் கால் தொந்தரவு தொடங்கியது, யார் யாரைக் கட்டினார்கள், எந்தத் தோட்டம், இந்தியாவில் எந்த ஊர். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் சனங்கள் கிள்ளான், பூச்சோங், செந்தூல் என்று சிதறிய பிறகு இந்த விவரங்கள் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும்தான் இருக்கின்றன.

மரபணுச் சோதனைக்குப் போனால், மெதுவேக வகையில் முதலில் பி.எம்.பி.22 இரட்டிப்பைத் தனியாகப் பார்ப்பார்கள். பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் சோதனை எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும், இரட்டிப்பை அது தவறவிடக்கூடும். “எல்லாம் பார்த்தோம், ஒன்றுமில்லை” என்று அறிக்கை வந்தால் இரட்டிப்பைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

தங்கை விஷயம். நோய் அப்பா வழியில் இருக்கிறது, மாப்பிள்ளை அம்மா வழியில் வருகிறார். தங்கைக்கு நோய் வந்திருக்க வாய்ப்பு பாதி. வந்திருந்தால், மாமன் மகனைக் கட்டினாலும் வேறு யாரைக் கட்டினாலும் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி. வராமல் இருந்தால் பிள்ளைகளுக்கு இந்த வழியில் பயமில்லை. ஒடுங்கு வகை நோய்களுக்கு மாமன் மகன் உறவில் வரும் பொதுவான கூடுதல் வாய்ப்பு, நம் ஊரில் அப்படிக் கட்டிய எல்லாருக்கும் இருப்பதுதான், உங்கள் வீட்டுக் கால் தொந்தரவால் கூடுவதில்லை. இதுவே அத்தை மகனாக இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அத்தைக்கு நோய் இருப்பதால் இரு பக்கமும் ஒரே பழுது இருக்க இடமுண்டு, இரண்டு பிரதியும் பழுதான பிள்ளைக்கு நோய் மிகக் கடுமையாக வரும்.

தங்கை சோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. மாப்பிள்ளை வீடோ நீங்களோ எடுக்கும் முடிவு அல்ல. சோதிக்க விரும்பினால், அதற்கு முன் மரபணு ஆலோசகரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசட்டும். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் மரபியல் பிரிவு இருக்கிறது, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் நரம்பியல் பக்கம் இந்தக் குடும்பங்களைப் பார்க்கிறார்கள். காப்புறுதி எடுக்க நினைத்திருந்தால் அதன் விதிகளையும் முன்கூட்டியே வாசித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பரம்பரை நோய்க்குப் பணம் தராத பாலிசிகள் நிறைய.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், “ஊசி போட்டு இரத்தம் எடுக்கப்போவதில்லையே, சும்மா நரம்பு டெஸ்ட் மட்டும் பார்த்துவிடுவோம்” என்று கூட்டி வராதீர்கள். மேலே சொன்னபடி 1ஏ வகையில் மெதுவேகம் சிறு வயதிலேயே தெரிந்துவிடும். அந்தச் சாதாரணச் சோதனையே மரபணுச் சோதனைக்குச் சமம். தொந்தரவு ஏதும் இல்லாத பிள்ளைக்கு அந்தப் பெயரைப் பத்து வயதில் ஒட்டினால் பிறகு கழற்ற முடியாது. கால் இடறுகிறது, அடிக்கடி விழுகிறது என்றால் கதை வேறு, உடனே காட்டுங்கள்.

அப்பாவுக்கு இன்றே செய்யக்கூடியவை சில. சி.எம்.டியைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் முன்பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை கணுக்காலுக்குக் கிடைக்கிறது, அதைப் போட்ட அன்றே நடை மாறும். பிசியோதெரபி குதிகால் தசைநாண் இறுகாமல் காக்கும். அவருக்கு இனிப்பு நீரும் இருப்பதால் நரம்புக்கு இரட்டை அடி, சர்க்கரை அளவை மற்றவர்களை விடக் கண்டிப்பாக வைத்திருக்க வேண்டும், தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நடை மிகவும் பாதித்திருந்தால் சமூகநல இலாகாவில் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்கும், அறுபது வயதுக்குள் வேலையை விடும் நிலை வந்தால் சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இலாட் பென்ஷனுக்கும் விண்ணப்பிக்கலாம். நோய் உறுதியானால் அவருடைய மருத்துவ அட்டையிலும், நோய் உறுதியான ஒவ்வொரு உறவினரின் அட்டையிலும் ஒரு மருந்தின் பெயரை எழுதி வைக்கச் சொல்லுங்கள்: வின்கிறிஸ்டின். இரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் பரவலாகக் கொடுக்கும் மருந்து அது. 1ஏ வகை உள்ளவருக்கு அதைச் செலுத்தினால் கை கால் சில வாரங்களில் படுத்துவிடக்கூடும். அந்தச் சிகிச்சை தேவைப்படும் நாள் வந்தால், டாக்டர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு வரி போதும்.